அண்டா டெபாசிட்

எனக்குக் கடன் கொடுத்தது ஒரு பெட்டி. உள்ளங்கை அகலம் இருக்கும். கல்லா மேசையின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, யாராவது போனில் ஸ்கேன் செய்து பணம் போட்டால் எவ்வளவு வந்தது என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தும். அதன் கம்பெனிக்காரர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள், எப்படி இருப்பார்கள், எதுவும் எனக்குத் தெரியாது. மனுஷனாகப் பிறந்தவன் கொடுத்திருந்தால் ஒரு தடவையாவது கடைக்குள் வந்து, இது என்ன வியாபாரம், பணம் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று கேட்டிருப்பான். எங்கள் தெருவில் தண்டல் விடுகிறவர் பத்தாயிரம் ரூபாய் கொடுப்பதற்கு முன்னால் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து டீ குடித்து, சமையல் கட்டு வரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பையில் கை விடுவார். அவருக்கு இருக்கிற அறிவில் பாதி அந்தப் பெட்டிக்கு இருந்திருந்தால், இதை எழுதுகிற வேலையே எனக்கு வந்திருக்காது.

எங்களுடையது பாத்திர வாடகைக் கடை. செங்கம் ரோட்டில், கிரிவலப் பாதையை ஒட்டி. அண்டா, தேக்சா, அன்னக்கூடை, வாளி, கரண்டி, கேஸ் பர்னர் எல்லாம் கிடைக்கும். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கருமாதி என்று வருஷம் முழுக்க ஏதோ ஒரு வேலை இருக்கும் என்றாலும் கடை நிமிர்ந்து நிற்பது பௌர்ணமியில்தான். மலையைச் சுற்ற வருகிற ஜனங்களுக்குச் சோறு போட ஊர் ஊராக ஆட்கள் வருவார்கள். அரிசியையும் பருப்பையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடலாம். அண்டாவை எங்கிருந்து தூக்கி வருவது? என்னிடம்தான் எடுப்பார்கள்.

ஓர் அண்டாவுக்கு வாடகை இருநூறு, டெபாசிட் இரண்டாயிரம். டெபாசிட் வாங்காமல் கொடுத்தால் அண்டா பஸ் ஏறி ஆம்பூர் போய் அங்கேயே குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடும். பட்டவள் சொல்கிறேன். பௌர்ணமிக்கு முந்தின நாள் டெபாசிட் கட்டி எடுத்துப் போவார்கள். சோறு போட்டு முடித்து மறுநாள் காலையில் கழுவி எடுத்து வருவார்கள். நான் உள்ளே கையை விட்டு ஒரு சுற்றுத் தடவி, அடியில் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பேன். நெளிசல், ஓட்டை ஒன்றும் இல்லை என்றால் அந்த நிமிஷமே டெபாசிட் அவர்கள் கையில். "நாளைக்கு வாங்க" என்ற பேச்சே என் கடையில் கிடையாது.

இது பெரிய தர்மம் ஒன்றும் இல்லை. வருகிறவர்கள் வசதிக்காரர்கள் கிடையாது. தெருவில் வீடு வீடாக வசூல் பண்ணி வருகிறவர்கள். அந்த டெபாசிட்டைக் கையில் வாங்கிய பிறகுதான் வண்டிக்கு டீசல் போடுவார்கள், மளிகைக் கடை பாக்கியைத் தீர்த்துவிட்டு ஊருக்குக் கிளம்புவார்கள். இந்த ரோட்டில் இன்னும் மூன்று பாத்திரக் கடைகள் இருக்கின்றன. அவர்கள் அண்டா என் அண்டாவைவிடப் பளபளப்பானது, வாடகையும் கம்மி. ஆனாலும் ஜனங்கள் என்னைத் தேடி வந்ததற்கு இது ஒன்றுதான் காரணம். இது போனால் கடை போச்சு.

முன்பெல்லாம் எல்லாம் ரொக்கம். பிறகு யாரும் ரொக்கம் கொண்டு வருவதில்லை. வாடகையும் டெபாசிட்டும் பெட்டியில் விழும். மறுநாள் காலை அது என் பேங்க் கணக்குக்கு வரும். நான் எடுத்து வைத்துக்கொண்டு, பாத்திரம் திரும்பி வந்ததும் ரொக்கமாகக் கொடுப்பேன். விடிய விடிய அடுப்படியில் நின்றவர்களுக்கு அப்போது போனைத் தட்டிக்கொண்டிருக்கப் பொறுமை இருக்காது.

ஒரு நாள் போனில் செய்தி வந்தது. என் வியாபாரம் அமோகமாக வளர்கிறதாம். வாழ்த்துகளாம். எனக்கு மூன்று லட்சம் தயாராக இருக்கிறதாம். அந்த நேரம் எனக்கும் புது அண்டாக்கள் தேவைப்பட்டன. பழையவற்றில் பாதி ஈயம் பூசிப் பூசியே கனத்துப்போயிருந்தன. என் வீட்டுக்காரர், "எதுக்கும் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே" என்றார். அவர் எதற்கும் இதையே சொல்கிறவர். தலைவலி மாத்திரை போடுவதற்கும் ஒருவரைக் கேட்பார். நான் போனை அழுத்திவிட்டேன். கையெழுத்துக் கிடையாது, ஜாமீன் கிடையாது. டீ ஆறுவதற்குள் பணம் வந்து விழுந்தது.

வட்டி கிடையாது என்று போட்டிருந்தார்கள். கட்டணம் மட்டும்தானாம். வட்டிக்குக் குல்லா போட்டு உட்கார வைத்தால் கட்டணம். அது போகட்டும். திருப்பிக் கட்டுவதும் ரொம்ப சுலபமாம். என் விற்பனையில் நாலில் ஒரு பங்கை அவர்களே அன்றாடம் எடுத்துக்கொள்வார்களாம், நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லையாம். விற்பனை என்றால் வாடகை என்று நான் நினைத்தேன். நினைக்காமல்? பாத்திரக் கடையில் வேறு என்ன விற்பனை?

அடுத்த பௌர்ணமிக்கு விளங்கியது. பெட்டிக்கு வாடகையும் தெரியாது, டெபாசிட்டும் தெரியாது. ஓர் அண்டாவுக்கு இரண்டாயிரத்து இருநூறு வந்தால், அத்தனையும் என் வருமானம் என்று அது எழுதிக்கொண்டுவிட்டது. மூன்று லட்சம் என்ற அந்தத் தொகையையே இப்படித்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். காலையில் திருப்பிக் கொடுக்க வேண்டிய அடுத்தவர் பணத்தைப் பார்த்து, இந்தம்மா பெரிய முதலாளி என்று முடிவு கட்டிவிட்டார்கள். இதற்குப் பெயர் கம்ப்யூட்டர் மூளையாம். எங்கள் கடையில் கரண்டி எண்ணுகிற அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவர். ஒரு வாளி குறைந்தால் போன வாரக் கல்யாண வீட்டைச் சொல்லிவிடுவார். அவரை அங்கே உட்கார வைத்திருக்கலாம்.

ஆக, இருநூறு ரூபாய் வாடகை வந்த இடத்தில் ஐநூற்று ஐம்பது ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். காலையில் வந்து நிற்கிறவருக்கு இரண்டாயிரத்தையும் முழுசாகக் கொடுக்க வேண்டும். முதல் பௌர்ணமிக்கு வீட்டில் இருந்ததைப் போட்டுச் சரிக்கட்டினேன். இரண்டாவதுக்குச் சீட்டுப் பணம் போனது. பௌர்ணமி இல்லாத நாட்களிலோ பெட்டி சும்மா கிடக்கும். வசூல் குறைந்துவிட்டது என்று அதற்கு ஓர் அபராதம். வருமானம் வரும்போது பிடுங்கு, வராதபோது அபராதம் போடு. எந்தக் கல்லூரியில் இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தால் நல்லது. நம் பிள்ளைகளை அந்தப் பக்கம் அனுப்பாமல் இருக்கலாம்.

போன் பண்ணினேன். முதலில் ஒரு பெண். ஒவ்வொரு வாக்கியத்தையும் சிரித்துக்கொண்டே முடித்தாள்.

"டெபாசிட்னா திருப்பிக் குடுக்கிற காசும்மா. அது என் வருமானம் இல்ல."

"புரியுது மேடம். ஆனா எங்க சிஸ்டத்துல கிரெடிட்னா கிரெடிட்தான் மேடம்."

"அப்போ உங்க சிஸ்டத்தை ஒரு பௌர்ணமிக்கு இங்க அனுப்பி வைங்க. நாலு அண்டா கழுவட்டும், புரிஞ்சிடும்."

அதற்கும் சிரித்தாள். பிறகு, கஷ்டமாக இருந்தால் இன்னொரு கடன் தருவதாகவும், அதில் இதை அடைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். தண்ணீரில் விழுந்தவளிடம் இன்னும் கொஞ்சம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற மாதிரி இருந்தது.

பிறகு போனில் சிரிக்காத ஒருவன் வந்தான். முதல் வாரம் நான் அவனுக்கு "மேடம்". அடுத்த வாரம் "என்னம்மா". அதற்கடுத்த வாரம் "நீ". மரியாதையையும் தவணை முறையில் பிடித்துக்கொண்டே போனான். நான் கட்ட மாட்டேன் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. மாசா மாசம் இவ்வளவு என்று வாங்கிக்கொள், டெபாசிட்டில் கை வைக்காதே, அபராதத்தை எடு என்றுதான் சொன்னேன். அவன் காதில் அது ஏறவில்லை. வேலூரில் இருக்கிற என் நாத்தனாருக்குப் போன் போட்டான். அவள் நம்பரை நான்தான் கொடுத்திருந்தேன், தெரிந்தவர் யாராவது ஒருவர் வேண்டும் என்று கேட்டார்களே என்று. அவள் ஒரு வளைகாப்பில் உட்கார்ந்திருந்தபோது போனைப் பிடித்து, உங்கள் அண்ணி ஏமாற்றுக்காரி என்று சொல்லியிருக்கிறான்.

"அண்ணி, இன்னா பண்ணி வச்சிருக்கீங்க?" என்று அவள் என்னிடம் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பாத்திரத்தை எல்லாம் விற்றாவது கட்டித் தொலைக்கலாம் என்பது அவர் கட்சி. விற்றுக் கட்டிவிட்டு இரண்டு பேரும் எதைச் சோறாக்குவது என்று கேட்டேன்.

மூன்றாவது பௌர்ணமி வந்தது. அதுதான் என்னை உடைத்தது.

கீழ்பென்னாத்தூரில் கடலை எண்ணெய்க் கடை வைத்திருக்கிற ஒருவர், எங்கள் கடையின் மூத்த வாடிக்கை. அவர் ஊர்க்காரர்கள் காசு போட, இவர் ஆள் சேர்த்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அடி அண்ணாமலையில் பந்தல் போட்டுச் சாம்பார் சாதம் போடுவார். என்னைத் தங்கச்சி என்பார், நான் அவரை அண்ணா என்பேன். அன்று காலையில் அவர் பாத்திரங்களோடு வந்தபோது என் கையில் அவருக்குக் கொடுக்க வேண்டியதில் பாதிக்குமேல் கொஞ்சம்தான் இருந்தது. கொடுத்துவிட்டு, "மீதி ரெண்டு நாள்ல குடுத்தனுப்புறேங்கண்ணா" என்றேன். இருபது வருஷத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. ஏன் என்று அவர் கேட்டார். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன்.

அவர் கோபப்படவில்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இறக்கி வைத்த அண்டாக்களைப் பார்த்தார். அவற்றில் பெரியதைத் தன் ஆளிடம் காட்டி, திரும்ப வண்டியில் ஏற்றச் சொன்னார்.

"தப்பா நெனச்சுக்காத தங்கச்சி. ஊர்க் காசு, நான் பதில் சொல்லணும். மீதி வந்ததும் அண்டாவைக் குடுத்துடுறேன்."

ஜனங்களிடம் டெபாசிட் வாங்கி அண்டா கொடுக்கிறவள் நான். என்னிடமிருந்தே அண்டாவை டெபாசிட்டாக எடுத்துக்கொண்டு போனார் ஒருவர். அதிலும் நியாயம் முழுக்க அவர் பக்கம். அந்த வண்டி ரோட்டில் திரும்புகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே போய் அழுதேன். அழுது முடித்ததும் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினேன். சுவரில் மாட்டியிருந்த ஸ்கேன் அட்டையைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்தேன். இனிமேல் ரொக்கம்தான் என்று கரித்துண்டால் எழுதி வைத்தேன். பெட்டிக்குச் சோறு போட்டது போதும்.

பெட்டி பேசாமல் போனதும் அந்தப் பக்கம் பேச்சு ஜாஸ்தியானது. வசூலை ஒளிக்கிறாய் என்றான். கடைக்கு ஆள் அனுப்புவேன், பாத்திரத்தை அள்ளிக்கொண்டு போவேன் என்றான்.

"தாராளமா அள்ளுங்க. ஆனா எல்லாத்தையும் கழுவித்தான் எடுத்துட்டுப் போகணும்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். வைத்த பிறகு கடைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தைரியம் எல்லாம் போன் வைக்கிற வரைக்கும்தான்.

நாலாவது பௌர்ணமிக்கு ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே ஏ.டி.எம். போய் ரொக்கம் எடுத்து வந்து கட்டினார்கள். எண்ணெய்க்கடை அண்ணன் வரவில்லை. இரண்டு நாளில் என்று அவரிடம் சொன்ன மீதியை ஒரு மாசம் கழித்து இப்போதுதான் சேர்த்து, ஒரு கவரில் போட்டுத் தனியாக வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் அடி அண்ணாமலைப் பக்கம் குட்டி யானை வண்டியில் சரக்கு இறக்கப் போனவர் வந்து, "அவர் பந்தல் போட்டிருக்காரு. அண்டா நம்முது இல்ல" என்றார். எந்தக் கடையில் எடுத்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? ஒரு வாடிக்கை போனது என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அது நாள் முழுக்க உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் விடிந்ததும், பாத்திரங்கள் திரும்பி வருவதற்குள், போனில் மிரட்டினவனின் ஆட்கள் வந்துவிட்டார்கள். மூன்று பேர். முன்னால் வந்தவன் சட்டையை இன் பண்ணி, கழுத்தில் அட்டை தொங்கவிட்டு, கூர்மூக்கு ஷூ போட்டிருந்தான். ஷூவைக் கழற்றாமலே உள்ளே வந்தான். பின்னால் இரண்டு தடியன்கள். அவர்களுடைய சிஸ்டத்தில் பௌர்ணமியை ஒட்டி என் வசூல் உச்சத்துக்குப் போகிறது என்று காட்டியிருக்கிறது. அதனால் கல்லா நிறைந்திருக்கும்போது போய்ப் பிடித்துவிடலாம் என்று யாரோ ஒரு மேதாவி திட்டம் போட்டிருக்கிறான். எங்கள் ஊரில் எந்தப் பொடியனைக் கேட்டிருந்தாலும், பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் மட்டும் பாத்திரக் கடைக்குப் போகாதே என்று சொல்லியிருப்பான்.

"கல்லாவுல இன்னாம்மா இருக்குது?"

"பணம்தான்."

"பாத்தீங்களா? இல்ல இல்லன்னு அழுதுட்டு இருந்தீங்க. எடுத்துக் கட்டுங்க."

"அது என்னுது இல்ல தம்பி."

"உங்க கல்லாவுல இருக்கிறது உங்களுது இல்லன்னா பின்ன யாருது?"

"வந்துட்டே இருக்காங்க. நீங்க உட்காருங்க. அவங்களையே கேட்டுட்டு எடுத்துக்குங்க."

என் ஸ்டூலை அவன் பக்கம் தள்ளிவிட்டேன். நான் பயந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டான். கல்லாவுக்கு முன்னால், முதலாளி மாதிரி, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தான். என் வீட்டுக்காரர் பின்பக்கக் கதவுக்குப் போய் நின்றுகொண்டார்.

முதலில் வந்தது ஒரு சமையல் மாஸ்டர். ராத்திரியெல்லாம் பர்னர் முன்னால் நின்றவர். கண் சிவந்து, பனியன் கருகி, தோளில் ஈரத்துண்டு. அவரோடு நாலைந்து பேர் அண்டாக்களை இறக்கினார்கள். நான் தடவிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன். எல்லாம் சரி.

"டெபாசிட் குடும்மா, கிளம்புறோம்."

"அதோ அவரைக் கேளுங்க."

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். "யாரு இவரு?"

"நான் ஒரு கம்பெனிக்குக் கடன் கட்டணும். அதுக்கு உங்க டெபாசிட்டை எடுத்துட்டுப் போக வந்திருக்காரு."

"இன்னாது?" என்றார் மாஸ்டர். ஒரு வார்த்தைதான். ஆனால் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த அவருடைய ஆட்கள் எல்லாரும் டம்ளரோடு உள்ளே வந்துவிட்டார்கள்.

அதற்குள் அடுத்த வண்டி. ஒரு கிராமத்துப் பெண்கள், மகளிர் குழு நடத்துகிறவர்கள். பூ கட்டி விற்கிற காசில் வாரா வாரம் கொஞ்சம் ஒதுக்கி, வருஷத்தில் இரண்டு பௌர்ணமிக்குச் சோறு போடுகிறவர்கள். விஷயத்தைக் கேட்டதும் அவர்களில் மூத்த அம்மா நேராக அவன் முன்னால் போய் நின்றார்.

"எடுத்துக்கப்பா. தாராளமா எடுத்துக்க. ஆனா எங்க ஊருக்கு வந்துடு. இருபத்திரண்டு வூடு இருக்குது. ஒவ்வொரு வூட்டு வாசல்லயும் நின்னு, உங்க காசை நான்தான் எடுத்தேன்னு நீயே சொல்லிட்டுப் போ. எங்களால சொல்ல முடியாது."

அவன் கால் தானாகக் கீழே இறங்கியது. "நாங்க உங்க பணத்த எடுக்கலம்மா. இவங்க கம்பெனிக்கு..."

"பின்ன கல்லாவை ஏன் அணைச்சிக்கினு உக்காந்திருக்க?" என்றார் மாஸ்டர்.

வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. நான் ஒவ்வோர் அண்டாவாகத் தடவினேன், தட்டினேன், அவனைக் காட்டினேன். வேறொன்றும் செய்யவில்லை. டெபாசிட், டெபாசிட் என்று ஒரு கூட்டமே அவனைச் சுற்றி நின்றது. மாசக்கணக்கில் போனில் என்னைக் கேட்ட அத்தனை கேள்வியையும் இப்போது அவனைக் கேட்டார்கள். எப்போ குடுப்ப? ஏன் குடுக்க மாட்டேன்ற? உங்க வூட்டுப் பணமா? ஒரு நாள் காலையில் பத்து நிமிஷம் கேட்டதற்கே அவன் சட்டைக் காலர் நனைந்துவிட்டது. எனக்கு அதைப் பார்க்க எவ்வளவு ஆனந்தமாக இருந்தது என்று சொன்னால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள்.

தடியன்களில் ஒருவன் மெல்லப் பின்வாங்கினான். நெற்றியில் விபூதி, காலில் செருப்பு இல்லை. நேற்று மலையைச் சுற்றியிருக்கிறான்.

"எங்கடா போற?" என்று இவன் கேட்டான்.

"நேத்து இவங்க கிட்டதான் சார் சாப்பிட்டேன். ரெண்டு வாட்டி வாங்கினேன். நான் வெளியில நிக்கிறேன் சார்."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அதோடு ஷூக்காரன் கதை முடிந்தது. போனை எடுத்து மேலே இருக்கிற யாருக்கோ போட்டு, "சார், இங்க சிச்சுவேஷன் வேற மாதிரி இருக்குது சார்" என்று ஆரம்பித்தான். நான் கையை நீட்டினேன். கொடுத்துவிட்டான்.

"நான் கடன் வாங்கினவ பேசுறேன். கட்ட மாட்டேன்னு சொல்லல. மாசம் ஒண்ணாந்தேதி நானே கட்டுறேன். அபராதம் ஒரு பைசா தர மாட்டேன். இனி என் வசூல்ல நீங்க பங்கு பிடிக்கக் கூடாது. சம்மதம்னா எழுத்துல அனுப்புங்க. இல்லன்னா உங்க ஆளு இங்கேயே இருக்கட்டும். இன்னும் பதினஞ்சு வண்டி வரணும்."

"மேடம், அது ப்ராசஸ்ல..." என்றது அந்தக் குரல். நான் போனைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தேன். மாஸ்டருக்கு அடுப்படியில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கால் மணி நேரத்தில் எழுத்தில் வந்தது. மாசத் தவணை, அபராதம் தள்ளுபடி, வசூலில் பிடித்தம் நிறுத்தம். மூன்று மாசமாக அவர்களுடைய சிஸ்டத்தில் முடியவே முடியாது என்றிருந்த காரியம். அவனை ஸ்டூலிலிருந்து எழுப்பிவிட்டு, அத்தனை பேருக்கும் டெபாசிட்டை எண்ணிக் கொடுத்தேன். அவன் போகும்போது, ஏதாவது பிரச்சினை என்றால் கூப்பிடுங்கள் என்று தன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனான். பிரச்சினையே தன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போவதை அன்றுதான் பார்த்தேன்.

ஜனங்கள் டீக்கடைக்கு நகர்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எண்ணெய்க்கடை அண்ணனின் வண்டி வந்து நின்றது. என் பெரிய அண்டாவைப் பளிச்சென்று தேய்த்து எடுத்து வந்திருந்தார். நான் கவரை நீட்டினேன். எண்ணிப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டார்.

"இந்த மாசம் யார் கிட்டண்ணா எடுத்தீங்க?" கேட்கக் கூடாது என்று வைத்திருந்தது, வாயில் வந்துவிட்டது.

"யார் கிட்டயும் எடுக்கல தங்கச்சி. சொந்தமாவே வாங்கிட்டோம். இனிமே இந்த டெபாசிட், வாடகை தொல்லையே வேணாம்னுதான்."

வண்டியில் காட்டினார். நாலு புது அண்டா, இரண்டு பர்னர். விலைச் சீட்டு ஒட்டியிருந்த தடம்கூடப் போகவில்லை. இனி அவர் என் கடைப் படி ஏற மாட்டார்.

"அவ்ளோ பணத்துக்கு எங்கண்ணா போனீங்க?"

"எங்கயும் போகல. நம்ம கடையில பேசுற பெட்டி வச்சிருக்கேன் இல்ல, உன்னுது மாதிரியே, அதே கம்பெனி. அவனே குடுத்தான். என் எண்ணெய் வியாபாரத்துக்கு இவ்ளோ குடுப்பானான்னு எனக்கே ஆச்சரியம். ஊர்க்காரங்க பௌர்ணமிக்கு அரிசி பருப்புக்குனு அதுலதானே காசு போடுறாங்க. அதைப் பாத்துட்டு ஜாஸ்தியாவே குடுத்துட்டான்."

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். என் கை அண்டாவின் விளிம்பிலேயே நின்றுவிட்டது. மூன்று மாசம் நான் வெளியில் யாரிடமும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், வெட்கம் என்று. வெட்கப்பட வேண்டியவன் ஷூ போட்டுக்கொண்டு அடுத்த கடைக்குப் போயிருக்கிறான்.

"உட்காருங்கண்ணா" என்று அதே ஸ்டூலை இழுத்துப் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். கட்டணம் எவ்வளவு, அபராதம் எவ்வளவு, எதையும் அவர் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்போ வர்ற பௌர்ணமிக்கு ஜனங்க அரிசிக்குப் போடுற காசு?"

"நாலுல ஒரு பங்கு அவன் எடுத்துக்குவான்."

"அது சோத்துக் காசாச்சே தங்கச்சி" என்றார். பையில் வைத்த கவரை வெளியே எடுத்து எண்ண ஆரம்பித்தார். தன் கடைப் பணம் போனால் அந்த மனுஷன் இப்படி ஆகியிருக்க மாட்டார். ஊருக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டது முகத்தில் தெரிந்தது.

வெளியே எட்டிப் பார்த்தேன். மாஸ்டரும் அவருடைய ஆட்களும் இன்னும் டீக்கடை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். பூக்காரப் பெண்களின் வண்டியும் கிளம்பவில்லை. போனை எடுத்து, அந்த ஷூக்காரன் கொடுத்துவிட்டுப் போன நம்பரைப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"தம்பி, ரொம்ப தூரம் போயிட்டீங்களா? வண்டியைத் திருப்புங்க. இன்னொருத்தர் உட்காந்திருக்காரு."